'வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள்?': மருத்துவப் பள்ளி நேர்காணலுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நேர்காணல் அறையாகிவிடும். உறவுக்காரப் பிள்ளைகள், எதிர் புளோக் பிள்ளைகள், அவர்கள் கூட்டிவரும் நண்பர்கள் என்று மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள். இட்லி வேகவைக்கும்போது பயன்படுத்தும் டைமரை எடுத்து, ஐந்து நிமிடத்துக்குத் திருகி மேசையில் வைப்பேன். டிக் டிக் சத்தம் தொடங்கியதும் நான் அவர்களுக்கு அக்கா இல்லை, நேர்காணல் நடத்தும் பேராசிரியர்.

போன முறை வந்த ஒரு தம்பி உறுப்பு தானம் பற்றி அருமையாகப் பேசினான். சிங்கப்பூரில் 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம், அதிலிருந்து விலகிக்கொள்ள விரும்புவோருக்கு உள்ள வழி, மருத்துவமனையில் நிற்கும் குடும்பத்தாரின் மனநிலை என்று கோவையாகச் சொன்னான். சரி, இந்தப் பிள்ளை தேறிவிடும் என்று நினைத்துக்கொண்டே, "வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவன் கை மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கியது. பார்வை அடுப்படிப் பக்கம் போனது. அங்கே அவன் அம்மா என் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். "இங்கே மட்டும்தான்" என்றான். அவன் உள்ளூரில் இரண்டு இடங்களுக்கும் பிரிட்டனில் நான்கு இடங்களுக்கும் விண்ணப்பித்திருந்தது எனக்கு நன்றாகவே தெரியும். அதற்கான கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொன்னதே நான்தான்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, பதினெட்டு வயதில் நானும் அதே பதிலைச் சொன்னவள். என் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வேறு எங்காவது?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். நடுவில் இருந்தவர் என் கோப்பைப் புரட்டினார். என் ஆசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதம் அதில் இருந்தது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கும் நான் விண்ணப்பித்து வருவதாக அவர் அதில் ஒரு வரி எழுதியிருந்தார். குழுவில் யாரும் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். அதற்கப்புறம் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு பதில்தான் காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தத் தாள் திரும்பிய சத்தத்தை நான் மறக்கவில்லை. மறு ஆண்டு வேறோர் இடத்தில் அதே கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அங்கேதான் படித்தேன்.

இப்போது பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவராக நோயாளிகளைப் பார்க்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு எப்படித் தயாராவது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் பட்டியல் எதுவாக இருந்தாலும் அதைச் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை உங்கள் முன்னால் இருக்கும் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் தயார் செய்யாதவர்களுக்கு வாயிலிருந்து வராது.

எதற்காகக் கேட்கிறார்கள்

பிள்ளைகள் இதை விசுவாசச் சோதனை என்று நினைக்கிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் "வேறு பெண் பார்த்தீர்களா?" என்று கேட்ட மாதிரி பதறுகிறார்கள். கேட்பவர் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் மருத்துவம் சொல்லித்தரும் பள்ளிகள் மூன்றுதான். பள்ளிப் படிப்பு முடித்து நேரே சேரக்கூடியவை இரண்டு: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி. இரண்டும் 5 ஆண்டுப் படிப்பு. மூன்றாவது டியூக்-என்யுஎஸ். அது ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கான 4 ஆண்டுப் படிப்பு. அப்படியிருக்க, ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த பிள்ளை இரண்டு இடத்துக்கும் விண்ணப்பிப்பான் என்பது குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டு ஏற்புத் தளத்தை நடத்துகின்றன. ஊருக்கே தெரிந்த விஷயத்தை மறைத்து என்ன பயன்?

நன்யாங்குக்கு யுகேட் என்ற மருத்துவச் சேர்க்கைத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். முன்பு இருந்த பிமேட் தேர்வு 2023ஓடு நின்றுபோனது. யுகேட் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவலாகக் கேட்கப்படும் தேர்வு. ஆகவே அந்த மதிப்பெண்ணைப் பார்க்கும் ஒருவர், இந்தப் பிள்ளை வெளிநாட்டுக்கும் விண்ணப்பித்திருக்கலாம் என்று ஊகிக்கப் பெரிய துப்பறிவு வேண்டியதில்லை.

சரி, தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறார்கள்? சிலர் பேச்சைத் தொடங்கக் கேட்கிறார்கள். சிலர், இந்தப் பிள்ளை தன் தேர்வுகளை யோசித்துச் செய்ததா, இல்லை பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டதையெல்லாம் போட்டதா என்று பார்க்கக் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் மிக முக்கியமான காரணம் இன்னொன்று. கொஞ்சம் சங்கடமான உண்மையை இந்தப் பிள்ளையால் நேராகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மருத்துவரின் நாளில் இது தினமும் வரும். "இந்த மருந்தை எழுத மறந்துவிட்டேன், மன்னியுங்கள்" என்று நோயாளியிடம் சொல்ல வேண்டிவரும். "இது என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று மூத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டிவரும். விண்ணப்பம் போன்ற சின்ன விஷயத்தில் மழுப்பும் பிள்ளை அங்கே என்ன செய்யும் என்ற கவலை கேட்பவருக்கு வருவது நியாயம்தானே.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லா நேர்காணலிலும் இந்தக் கேள்வி நேராக வராது. எம்எம்ஐ என்று சொல்லப்படும் பல அறை நேர்காணலில் (கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது) அறைக்கு அறை ஆள் மாறுவார், அவர் கையில் உங்கள் கோப்பு பெரும்பாலும் இருக்காது. அங்கே கேள்வி உருமாறி வரும். "ஏன் இந்தப் பள்ளி?", "இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?", "உங்கள் நண்பருக்கு இரண்டு இடத்தில் இடம் கிடைத்திருக்கிறது, என்ன அறிவுரை சொல்வீர்கள்?" எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்.

முதல் வேலை: ஒரு தாளை எடுங்கள்

கணினி வேண்டாம், கையால் எழுதுங்கள். விண்ணப்பித்த இடம் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, பக்கத்தில் "ஏன் போட்டேன்" என்று ஒரே வரி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாத தாள் இது. அதனால் உண்மையை எழுதலாம். "அப்பா சொன்னார்" என்றால் அப்படியே எழுதுங்கள். "மதிப்பெண் குறைவாகக் கேட்கிறார்கள்" என்றால் அதையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும், வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் எத்தனை இடத்துக்கு இருக்கிறது என்று பாருங்கள். இல்லாத இடத்துக்குப் பொய்க்காரணம் தேடாதீர்கள். அந்தப் பள்ளியைப் பற்றி இன்னும் ஒரு மணி நேரம் படியுங்கள், அங்கே படிக்கும் ஒரு சீனியரிடம் பேசுங்கள். காரணம் தானாகக் கிடைக்கும், அல்லது அந்த இடம் உங்களுக்கு வேண்டாம் என்று தெரியவரும். இரண்டுமே நல்லதுதான்.

தாளின் பின்பக்கத்தில் தகவல்களை எழுதுங்கள். தகவல் பிசகினால், யோசிக்காமல் விண்ணப்பித்தவர் என்ற எண்ணம் வந்துவிடும். நான் பிள்ளைகளிடம் கேட்டுச் சரிபார்ப்பவை இவை.

உள்ளூரில் படித்தால் சேவை ஒப்பந்தம் உண்டு. தேசிய, நன்யாங் பல்கலைக்கழகங்களின் 5 ஆண்டுப் படிப்புக்கு, சிங்கப்பூர்க் குடிமக்கள் படித்து முடித்து 5 ஆண்டுகளும், நிரந்தரவாசிகளும் வெளிநாட்டவரும் 6 ஆண்டுகளும் பொதுச் சுகாதாரத் துறையில் வேலை செய்ய வேண்டும்.

நன்யாங்கின் மருத்துவப் பள்ளி லண்டனின் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து தொடங்கியது. முதல் மாணவர்கள் 2013இல் சேர்ந்தார்கள். 2024இல் சேர்ந்தவர்கள் முதல் பட்டம் நன்யாங்கின் பெயரில் மட்டும்தான். இது தெரியாமல் "இம்பீரியல் பட்டம் கிடைக்கும் என்பதால் விண்ணப்பித்தேன்" என்று ஒரு தங்கை பயிற்சியில் சொன்னாள். நல்லவேளை, அது எங்கள் வீட்டு மேசையில் நடந்தது.

பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகேஸ் வழியாக விண்ணப்பிப்பவர்கள் மருத்துவத்துக்கு அதிகம் போனால் 4 இடம்தான் போட முடியும். ஐந்தாவது இடத்தை வேறு படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசி நாள் அக்டோபர் 15. ஆக்ஸ்ஃபர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே ஆண்டில் சேர்த்துப் போட முடியாது. நீங்கள் வேறு எங்கே போட்டீர்கள் என்பதை, எல்லா முடிவும் வந்து நீங்கள் பதில் சொல்லும்வரை அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு யூகேஸ் காட்டாது. ஆகவே பிரிட்டிஷ் நேர்காணலில் இந்தக் கேள்வி வந்தால், அவர்களுக்குத் தெரிவது உங்கள் வாயால் மட்டும்தான். அதற்காக அங்கே பொய் சொல்லலாம் என்று அர்த்தமில்லை. பட்டியலை ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம், வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் மருத்துவர்களைப் பதிவுசெய்யும் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் அங்கீகரிக்கும் பள்ளிகளின் பட்டியலைப் பாருங்கள். 2020 ஜனவரியில் அது 160இலிருந்து 103ஆகக் குறைந்தது, 2025 பிப்ரவரியில் 112 ஆனது. இது ஏன் நேர்காணலுக்கு முக்கியம்? "எங்கே படித்தாலும் திரும்பி வந்து சிங்கப்பூரில் சேவை செய்வேன்" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் இல்லாத கல்லூரியின் பெயரையும் சொன்னால் இரண்டும் ஒட்டாது. நம் குடும்பங்களில் தமிழ்நாட்டிலோ கேரளாவிலோ ஒரு தனியார் கல்லூரியை மனதில் வைத்து, நீட் தேர்வும் எழுதவைத்து, பிள்ளையை இங்கேயும் விண்ணப்பிக்கச் சொல்வது உண்டு. அதில் தவறில்லை. ஆனால் அங்கே படித்தால் இங்கே பதிவு கிடைக்குமா என்று பார்த்துவைத்திருக்க வேண்டும். பார்த்துவைத்திருப்பவர் என்று தெரிந்தாலே குழுவின் மரியாதை கூடும்.

பதிலுக்கு ஓர் உருவம்

முப்பது, நாற்பது நொடி போதும். முதலில் தகவல்: எங்கெல்லாம், எத்தனை. அடுத்து, அத்தனை இடத்தையும் இணைக்கும் இழை. கடைசியில் இந்தப் பள்ளி. கடைசிப் பகுதி மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கட்டும்.

மேசைவிரிப்பைச் சுருட்டிய தம்பியோடு உட்கார்ந்து, நன்யாங் நேர்காணலுக்காக அவன் சொந்த வார்த்தைகளில் நாங்கள் கட்டிய பதில் இது. நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் அவன் தமிழில் யோசித்தபோதுதான் ஒப்பித்த வாக்கியங்கள் உதிர்ந்து சொந்தப் பேச்சு வந்தது.

"உள்ளூரில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். பிரிட்டனில் நான்கு. அதில் ஒன்றில் நிபந்தனையோடு இடம் கிடைத்திருக்கிறது. எல்லாமே மருத்துவம்தான். முதல் ஆண்டிலேயே நோயாளிகளைச் சந்திக்கும் வாய்ப்பு உள்ள இடங்களாகப் பார்த்துப் போட்டேன். இங்கே எனக்குப் பிடித்தது, குழுவாகப் படித்து வகுப்புக்கு வந்து விவாதிக்கும் முறை. கல்லூரியில் வேதியியலுக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து படித்தோம். தனியாகப் படித்தபோது புரிந்துவிட்டதாக நினைத்த பாடத்தை இன்னொருவருக்கு விளக்கப் போகும்போதுதான், எனக்கே புரியவில்லை என்று தெரிந்தது. அப்படிப் படிப்பதுதான் எனக்கு ஒத்துவரும்."

இதில் "உங்கள் பள்ளி உலகத்தரம் வாய்ந்தது" என்ற பேச்சு இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் "1905இல் தொடங்கிய பாரம்பரியம்" என்று பேச வேண்டாம். அதெல்லாம் அவர்கள் இணையப் பக்கத்தில் அவர்களே எழுதியது, அதைத் திருப்பிச் சொன்னால் காரணம் ஆகாது. வேதியியல் குழுவில் அந்த நான்கு பேர் உட்கார்ந்த கதை அவனுக்கு மட்டுமே சொந்தம். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். யீஷூனில் ஒரு தாதிமை இல்லத்தில் தொண்டூழியம் செய்யும்போது ஒரு பாட்டி உங்களிடம் மட்டும் சாப்பிட்டிருக்கலாம். தாத்தாவை டான் டொக் செங் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை நீங்கள் தமிழில் சொல்லியிருக்கலாம். அந்தச் சம்பவத்துக்கும் இந்தப் பள்ளியின் கற்பிக்கும் முறைக்கும் எங்கே முடிச்சு விழுகிறது என்று தேடுங்கள். பதிலில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அந்தக் கடைசிப் பகுதி மட்டும் மாறும், பட்டியல் மாறாது. அங்கே மருத்துவ மாணவர்கள் அக்கம்பக்க வீடுகளுக்குப் போய் உடல்நலப் பரிசோதனை நடத்தும் திட்டம் இருக்கிறது. முதியோரோடு பழகிய பிள்ளைக்கு அதில் பிடிப்பு இருக்கும். டியூக்-என்யுஎஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஆய்வு பெரிய விஷயம். பட்டப்படிப்பில் ஆய்வகத்தில் செய்த வேலையிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

ஒன்று மட்டும் கூடாது: மற்ற பள்ளியைக் குறை சொல்வது. "அங்கே பிளாஸ்டினேஷன் செய்த (பிளாஸ்டிக் ஏற்றிப் பதப்படுத்திய) உடல் பாகங்களை வைத்துத்தான் உடற்கூறியல் சொல்லித்தருகிறார்கள், இங்கே அப்படியில்லை" என்று ஒப்பிட்டு ஒரு பிள்ளை ஆரம்பித்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தப் பள்ளியில் படித்தவராக இருக்கலாம், அவர் மனைவி அங்கே சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம். சிங்கப்பூர் சின்ன ஊர்.

அடுத்து வரும் கேள்விகள்

முதல் பதில் நன்றாக அமைந்தால் தொடர்ந்து கேட்பார்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

*"இரண்டிலும் இடம் கிடைத்தால் எங்கே போவீர்கள்?"* உங்கள் முதல் விருப்பம் இந்தப் பள்ளிதான் என்றால் தயங்காமல் "இங்கே" என்று சொல்லி, ஒரு காரணம் சொல்லுங்கள். இல்லையென்றால் "இங்கே" என்று சொல்லாதீர்கள். "இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு இடத்திலும் சீனியர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் எடைபோடுவது கற்பிக்கும் முறையையும், முதல் இரண்டு ஆண்டுகளில் நோயாளிகளோடு கிடைக்கும் நேரத்தையும். இந்த இரண்டாவது விஷயத்தில் உங்களிடமே ஒரு கேள்வி கேட்கலாமா?" என்று சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் தீர்மானம் இல்லாதவளாகத் தெரியவில்லை, தீர்மானிக்கத் தெரிந்தவளாகத் தெரிந்தாள். முடிவெடுக்கும் விதத்தைச் சொல்வதே நல்ல பதில்.

*"பல் மருத்துவமும் போட்டிருக்கிறீர்களே?"* மருந்தியல், உயிர் மருத்துவ அறிவியல், சட்டம் என்று இந்தக் கேள்வி பல வடிவில் வரும். கேட்பவரின் சந்தேகம் நியாயமானது: இந்தப் பிள்ளைக்கு வேண்டியது மருத்துவமா, வெள்ளை அங்கியா? "அது சும்மா போட்டது" என்று சொல்லாதீர்கள். அது அந்தத் துறையையும் தாழ்த்துகிறது, உங்கள் யோசனையையும் தாழ்த்துகிறது. இரண்டுக்கும் பொதுவாக எது உங்களை இழுத்தது என்று சொல்லி, மருத்துவத்தில் மட்டும் கிடைப்பது எது என்று சொல்லுங்கள். "கையால் நுணுக்கமாகச் செய்யும் வேலையும், ஆளை நேரில் பார்த்துப் பேசும் வேலையும் எனக்குப் பிடிக்கும், அதனால் பல் மருத்துவம் போட்டேன். ஆனால் பாட்டிக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகம், கண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, முழு ஆளையும் சேர்த்துப் பார்க்கும் வேலைதான் எனக்கு வேண்டும் என்று தோன்றியது." இப்படிச் சொன்னால் பல் மருத்துவம் பக்கபலமாகிவிடும்.

*"எங்குமே கிடைக்காவிட்டால்?"* அழுகை வரும் கேள்வி இது. மருத்துவம் தவிர வேறு வாழ்க்கையே இல்லை என்று சொன்னால் உறுதி தெரியும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தோல்வியைத் தாங்காத பிள்ளை மருத்துவமனையில் எப்படித் தாங்கும் என்றுதான் கேட்பவர் நினைப்பார். "வருத்தப்படுவேன். எங்கே குறைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். தாதிமையோ உயிர் அறிவியலோ படித்துவிட்டு, பட்டம் பெற்றவர்களுக்கான படிப்புக்கு மறுபடி விண்ணப்பிப்பேன்" என்பது போல இரண்டு படி முன்னால் யோசித்திருந்தால் போதும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தாதிமையை மருத்துவத்துக்கு ஏணியாகப் பேசாதீர்கள். அதை நிஜமாகவே செய்ய மனமிருந்தால் மட்டும் அதன் பெயரைச் சொல்லுங்கள்.

*"போன ஆண்டும் விண்ணப்பித்தீர்களா?"* ஆம் என்றால் ஆம். உடனே, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று சொல்லுங்கள். கட்டாய தேசிய சேவையில் இருக்கும் தம்பிகளுக்கு இது அடிக்கடி வரும். இடைப்பட்ட மாதங்களில் முகாமில் கற்றுக்கொண்டதைச் சொல்லலாம். முதலுதவிப் பயிற்சி மட்டும்தான் சொல்லத் தகுந்தது என்று நினைக்காதீர்கள். வேறு வேறு வீட்டுப் பின்னணியிலிருந்து வந்தவர்களோடு ஒரே அறையில் படுத்து எழுந்ததும் மருத்துவருக்கு உதவுகிற அனுபவம்தான்.

*"அங்கே நேர்காணலில் என்ன கேட்டார்கள்?"* இது பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே வரும், கவனமாக இருங்கள். நேர்காணல் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பது பொதுவாகப் பள்ளிகள் போடும் நிபந்தனை. "நல்ல அனுபவமாக இருந்தது. கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிப் புன்னகையோடு நிறுத்துங்கள். நாளை நோயாளியின் விஷயத்தையும் இப்படித்தான் காப்பீர்கள் என்பது அவர்களுக்குப் புரியும்.

*"ஒப்பந்தம் முடிந்ததும் வெளிநாடு போய்விடுவீர்களா?"* இருபத்தெட்டு வயதில் எங்கே இருப்பீர்கள் என்று பதினெட்டு வயதில் சத்தியம் செய்ய முடியாது, அவர்களும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் ஆண்டுக்கணக்கைத் தெரிந்துவைத்திருப்பதும், அந்த ஆண்டுகளைத் தண்டனையாகப் பார்க்காததும்தான் தெரிய வேண்டும்.

பட்டியலை முழுசாகச் சொல்ல உண்மையிலேயே விருப்பமில்லை என்றால்? அதற்கும் வழியுண்டு. "உள்ளூரிலும் வெளிநாட்டிலும் சில இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். முடிவுகள் வராததால் பெயர்களைச் சொல்லத் தயங்குகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்கிறேன்." மரியாதையாகச் சொன்னால் இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. ஆனாலும் சிங்கப்பூரில் நேரே சேரக்கூடியவை இரண்டே பள்ளிகளாக இருக்கும்போது இப்படி மறைப்பதில் லாபம் குறைவு என்பது என் எண்ணம்.

பணத்தைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். நம் வீடுகளில் இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். அப்பா டாக்சி ஓட்டுகிறார், அக்காவின் படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் இருக்கிறது, அதனால் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று ஒரு பெண் தலைகுனிந்து சொன்னாள். தலைநிமிர்ந்து சொல்லச் சொன்னேன். "வெளிநாட்டுக் கட்டணம் எங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இங்கே உள்ள பள்ளிகளை ஆழமாகப் பார்த்தேன்" என்பது நிதானமான, பொறுப்பான பதில். அதோடு நிறுத்தாமல் பள்ளியைப் பற்றிய காரணத்துக்கும் போய்விட வேண்டும், இல்லையென்றால் மலிவு என்பதற்காக மட்டும் வந்த மாதிரி தெரியும்.

வீட்டில் ஒரு பேச்சு

"இங்கே மட்டும்தான்னு சொல்லு, அப்பதான் இடம் தருவாங்க" என்ற அறிவுரை பெரும்பாலும் வீட்டிலிருந்தே வருகிறது. என் அம்மாவும் அன்பினால்தான் எனக்கு அப்படிச் சொன்னார். அந்தத் தம்பியின் அம்மாவும் அப்படித்தான். அவரிடம் நான் பேசினேன். "அக்கா, குழுவில் இருக்கிறவங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். உங்க பையன் தெரிஞ்ச ஒண்ணைப் பொய்யாச் சொன்னா, தெரியாததை எப்படி நம்புவாங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இதை யாரும் எங்களுக்குச் சொல்லலைம்மா" என்றார். நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அறைக்குள் போகும்போது அவர்கள் சொன்னதை மீறுகிறோம் என்ற பாரம் மனதில் இருக்கக் கூடாது.

பழகும் முறை

மனப்பாடம் செய்யாதீர்கள். தாளில் மூன்று குறிப்புகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே, எது இணைக்கிறது, ஏன் இங்கே. ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். எம்ஆர்டி ரயிலில் போகும்போது மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். வீவக அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நண்பரை எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். அந்த நண்பர் "ஏன் அங்கே போகல?" என்று இடையில் வெட்டிக் கேட்கட்டும். கைப்பேசியில் ஒருமுறை பதிவு செய்து கேளுங்கள். பட்டியலைச் சொல்லும் இடத்தில் குரல் தாழ்கிறதா என்று கவனியுங்கள். குற்றம் செய்த மாதிரி குரல் இறங்கினால், சொல்வது உண்மையாக இருந்தாலும் மழுப்பல் போலக் கேட்கும். வீட்டு முகவரி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லப் பழகுங்கள்.

பிரிட்டிஷ் நேர்காணல்கள் பல இணையவழி நடக்கின்றன. நேர வித்தியாசத்தால் இங்கே மாலையிலோ இரவிலோ உட்கார வேண்டியிருக்கும். நேர்காணல் நடக்கும் பள்ளியின் பெயரைப் பெரிதாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் மூன்று பள்ளிகள் வந்தால், களைப்பில் ஒரு பள்ளியின் பாடமுறையை இன்னொன்றின் பெயரில் சொல்லிவிடுவது நடக்கக்கூடியதுதான்.

கடைசியாகப் பேசிய பதிலை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். டிசம்பரில் ஒரு பிரிட்டிஷ் நேர்காணலில் சொன்னதற்கும் ஏப்ரலில் இங்கே சொல்வதற்கும் இடையில் உங்கள் நிலை மாறியிருக்கும். இடம் கிடைத்திருக்கலாம், மறுத்திருக்கலாம், ஏ லெவல் முடிவு வந்திருக்கலாம். அன்றைய நிலவரத்தைச் சொல்லுங்கள். மறுத்த இடத்தைப் பட்டியலிலிருந்து மறைக்க வேண்டாம். "அங்கே கிடைக்கவில்லை" என்று இரண்டு சொற்களில் சொல்லிவிட்டுப் போகலாம்.

இடம் கிடைத்த பிறகு

கூட்டு ஏற்புத் தளத்தில் ஒன்றை ஏற்றுக்கொண்டதும், கையில் இருக்கும் வெளிநாட்டு இடங்களையும் அதே வாரத்தில் மறுத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு வீட்டுப் பிள்ளை இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியருக்கு, எங்கே சேர்கிறீர்கள் என்று நேரில் போயோ அழைத்தோ சொல்லுங்கள். மேசைவிரிப்பைச் சுருட்டிய அந்தத் தம்பிக்கு அடுத்த வாரம் நொவீனாவில் உள்ள நன்யாங் மருத்துவப் பள்ளியில் நேர்காணல். இந்தச் சனிக்கிழமை மறுபடி வருகிறான். டைமரை எடுத்து வைத்திருக்கிறேன்.